ஆளில்லாத நாள்

ஆரணி
5.5.2025

முத்து,

அக்கா எழுதுகிறேன். இன்லண்ட் லெட்டர் கேட்டதும் தபால் ஆபீசில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எல்லாம் உன்னால் வந்த கூத்து. போனைச் சூரியகுளத்தில் வீசிவிட்டுப் போய்விட்டாய். உன்னை ஒரு வார்த்தை திட்ட வேண்டுமென்றாலும் இப்போது எனக்கு மூன்று நாள் ஆகிறது.

மதி நன்றாக இருக்கிறாள் என்று எழுதத்தான் ஆசை. ரேணுகா போய் ஐந்து மாதம் ஆகிறது, நீ போய் நான்கு மாதம். பதினைந்து வயதுப் பெண் செத்துப்போன அம்மாவுக்கு அழுவாளா, உயிரோடு இருக்கிற அப்பாவுக்கு அழுவாளா? பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறாள். நீ வந்து கேட்பாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் எழுத வந்தது வேறு விஷயம். போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு பெரணமல்லூர்ப் பக்கம் ஒரு செல்போன் டவருக்குக் கீழே இருந்த அறை வெடித்து எரிந்துபோயிற்று. அங்கே ஒரு நோட்டீஸ் கிடந்ததாம். அதில் ஒரு வரியைப் பேப்பரில் போட்டிருந்தார்கள்: "ரேகை கேட்கும் இயந்திரத்துக்கு ரத்தம் தெரியாது." ரேணுகாவின் காரியத்தன்று பந்தலில் உட்கார்ந்து நீ இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாய். உன் மாமாவும் அப்போது பக்கத்தில்தான் இருந்தார். பேப்பரைப் படித்தவர் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு தறிக்குப் போய்விட்டார்.

நீ இல்லை என்று எழுது. "நான் இல்லை", இரண்டே வார்த்தை. எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

எங்கே தங்கியிருக்கிறாய் என்று உன் கார்டில் ஏன் எழுதவில்லை? நீ சொன்னபடி ஜெயவேல் டீக்கடை விலாசத்துக்கே இதைப் போடுகிறேன்.

சுபலட்சுமி

*

கலசப்பாக்கம்
11.5.2025

அக்கா,

நீ கேட்ட இரண்டு வார்த்தையை என்னால் எழுத முடியாது. பொய் சொல்வதற்குத்தான் எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே. பேப்பரும் பேனாவும் எதற்கு?

உன் வீட்டு முன்ரூமை வாடகைக்கு எடுத்து வேலை பார்க்கிற தமிழ்செல்வன் கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடுகிறான், தெருவுக்கெல்லாம் ஆதார் அட்டை, காப்பீட்டு அட்டை எடுத்துக் கொடுக்கிறான். நல்ல பையன் என்று நீ சொல்வாய். அவன் மிஷினில் ரேணு பதினொரு தடவை விரல் வைத்தாள். பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. இருபத்திரண்டு வருஷம் பட்டிழையும் ஜரிகையும் இழுத்த விரலில் ரேகை எங்கே மிச்சம் இருக்கும்? "கைக்கு எதனா க்ரீம் தடவிகினு ஒரு வாரம் கழிச்சி வாங்கக்கா" என்றான். அந்த ஒரு வாரத்துக்குள்தான் அவளுக்கு நெஞ்சு வலி வந்தது.

ஆஸ்பத்திரியிலும் அதே மிஷின்தான் இருந்தது. காப்பீடு திறக்க விரல் வேண்டும் என்றார்கள். விரல் பதியவில்லை, அப்புறம் சர்வர் இல்லை, அப்புறம் அந்த சார் சாப்பிடப் போயிருக்கிறார். நாலு மணி நேரம். "நான்தாங்க ரேணுகா" என்று அவள் வாயாலேயே சொன்னாள். கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தவன் தலையைத் தூக்காமல், "நீங்க சொன்னா ஆவாதும்மா, சிஸ்டம் சொல்லணும்" என்றான். சிஸ்டம் சொல்வதற்குள் அவள் போய்விட்டாள்.

இருபது வருஷம் இன்வெர்ட்டரும் யூ.பி.எஸ்ஸும் ரிப்பேர் பார்த்தேன். கரண்ட் போனாலும் அந்தப் பெட்டிகள் சாகாமல் பார்த்துக்கொண்டதே நான்தான். என் பெண்டாட்டிக்கு அவை கொடுத்த கூலி இது. ஆக்கியவன் அழிக்கிறேன், இதில் என்ன தப்பு?

ஒன்றைக் கவனித்தாயா? டவரில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆளில்லாத நாள் பார்த்துத்தான் செய்தேன். நான் கொலைகாரன் இல்லை அக்கா.

மதியைப் போன் தொட விடாதே.

முத்துவேல்

*

ஆரணி
29.6.2025

முத்து,

காவ்யா என்று ஒரு பெண். இருபத்து மூன்று வயது. போளூர் ரோட்டில் இ-சேவைக் கடையில் வேலை பார்த்தாள். இதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் உனக்கு அவள் பெயர் தெரிந்திருக்காது, அதனால் எழுதுகிறேன். வலது கண் போய்விட்டது. வலது கையில் மூன்று விரல் நிற்குமா என்று இன்னும் தெரியவில்லையாம்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். தூரத்துச் சொந்தம் என்று வார்டில் பொய் சொல்லிவிட்டு, ஹார்லிக்ஸ் பாட்டிலும் கையுமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். யார் என்றுகூட அந்தப் பெண் கேட்கவில்லை. கட்டுப்போட்ட முகத்தை என் பக்கம் திருப்பி, "அமாவாசைக்கு லீவுன்னுதான் போர்டு மாட்டிருந்துச்சிக்கா. நெசவுக்காரங்கோ அன்னிக்குத்தான வருவாங்கோ, போயி தெறந்து வையின்னு ஓனர் சொன்னாரு. சாவி எங்கிட்ட இருந்துச்சி" என்றாள். சாவி தன்னிடம் இருந்ததுதான் தப்பு என்பது போலச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தேன். டவர் எரிந்த ஏப்ரல் 27 அமாவாசை. அந்தக் கடை வெடித்த ஜூன் 25-ம் அமாவாசை. போலீஸ் எதையெதையோ தேடிக்கொண்டிருக்கிறது.

அமாவாசைக்குத் தறி ஓடாது, ஊரே படுத்துக் கிடக்கும் என்று தறிக்காரன் வீட்டில் பிறந்தவனுக்குத்தான் தோன்றும். அடப்பாவி, தறியில் உட்கார்ந்தவன் வேறு எந்த நாளில் வெளியே போவான்? ரேஷனோ, பேங்க்கோ, அட்டையோ, அவனுக்கு அந்த ஒரு நாள்தான் உண்டு. நீ தறியில் உட்காராமல் இன்வெர்ட்டர் தூக்கிக்கொண்டு சுற்றியவன், அதனால் லீவு மட்டும் உனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆளில்லாத நாள் என்று நீ பொறுக்கியது, ஆள் வருகிற நாளை.

ரேணுகா இதைப் பார்த்தால் உன்னைப் பெருமையாக நினைப்பாளா? அவள் பேரைச் சொல்லாதே இனிமேல். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போ. நீயே போனால் நான் கூட வருகிறேன். போகவில்லை என்றால் நான் போக வேண்டியிருக்கும்.

சுபலட்சுமி

*

கலசப்பாக்கம்
4.7.2025

அக்கா,

அன்று காலையில் அந்தக் கடைக்கு எதிரே அரை மணி நேரம் நின்றேன். பூட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. லீவு என்று போர்டு இருந்தது. போர்டைப் படித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். இதை நீ நம்ப வேண்டும்.

அந்தப் பெண்ணைத் திறக்கச் சொன்னது நானா? லீவு நாளில்கூட ஆளை விடாமல் அந்த மிஷின் இழுத்து வைத்திருக்கிறதே, அதைக் கேள். இப்படி எழுதும்போது எனக்குச் சரியாகத்தான் தோன்றுகிறது. படுத்தால் சரியாகத் தோன்றவில்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து, தங்கியிருக்கிற மோட்டார் கொட்டகையில் சோறு இறங்கவில்லை.

ஆனால் பாதியில் விட்டால் ரேணுவுக்கு நான் செய்தது ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி. கடை இல்லை, யாரும் சாவி வைத்துக்கொண்டு திறக்க வரமாட்டார்கள். அன்றைக்கு ஆள் இருக்காது என்று எனக்கே நேராகத் தெரிந்த இடம். அது முடிந்ததும் நானே வந்து கையை நீட்டுகிறேன். அதுவரை பொறு. ஒரு மாதம்கூட இல்லை.

காவ்யா எப்படி இருக்கிறாள் என்று எழுது.

முத்துவேல்

*

ஆரணி
10.7.2025

முத்து,

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தாயாமே. நான் காவ்யாவைப் பார்க்கப் போயிருந்தேன், மதி ஸ்கூலில் இருந்தாள். எங்கள் இருவரையும் பார்க்கக் கூடாது என்றே நேரம் பார்த்து வந்தாயா?

மாமாவைக் கேட்டேன். "வந்தான். சாப்ட்றியாடான்னேன், வாணான்ட்டான். தமிழ்செல்வன் சாப்பாட்டுக்குப் போயிருந்தான். முன்ரூம் இன்வெர்ட்டரத் தொறந்து பாத்துகினு, பேட்டரிக்குத் தண்ணி ஊத்திட்டு, ரேணு பொடவ ஒண்ண எடுத்துகினு பூட்டான். நான் கால நீட்டிகினு உக்காந்திருந்தேன், எழுந்து தடுக்க முடியல" என்றார். அவருக்குச் சர்க்கரைப் புண் இன்னும் ஆறவில்லை.

அதைக் கேட்டு அடுப்படியில் நின்று அழுதேன். தமிழ்செல்வன்மேல் உனக்கு இருந்த கோபம் தெரியும். அவன் பெட்டிக்கு நீ தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனாய் என்றால் மனசு இளகிவிட்டது என்றுதானே அர்த்தம்? மாமாவிடமும் அப்படித்தான் சொன்னேன்.

மதி ஸ்கூல் விட்டு வந்து அம்மாவின் பெட்டி திறந்து கிடப்பதைப் பார்த்தாள். எந்தப் புடவை என்று தேடினாள். நீலம், அரக்கு பார்டர். "எனக்கு வச்சிருந்தது அத்த அது" என்றாள், அவ்வளவுதான். சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

பாக்கி என்று எழுதினாயே, அது எந்த இடம்? சொல்லிவிடு தம்பி. நான் யாரிடமும் உன் பேரைச் சொல்லமாட்டேன். மொட்டைக் கடிதாசி போட்டாவது அதை எடுக்கச் செய்கிறேன். ஸ்டேஷன் வாசல் வரை இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டேன். காவ்யாவுக்கு எதிரே உட்கார்ந்தால் போகவேண்டும் என்றும், மதிக்கு எதிரே உட்கார்ந்தால் போகக்கூடாது என்றும் இருக்கிறது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

சுபலட்சுமி

*

கலசப்பாக்கம்
15.7.2025

அக்கா,

இடத்தைக் கேட்காதே. சொன்னால் நீ போய் நிற்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

ஆடி அமாவாசை, காலை பத்து மணி. நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். இனி நான் அங்கே வரவும் வேண்டாம், தொடவும் வேண்டாம். நானே நினைத்தாலும் நிறுத்த முடியாதபடிதான் செய்திருக்கிறேன்.

எல்லா வருஷமும் போல நீங்கள் மூன்று பேரும் முதல் பஸ்ஸில் மலையனூர் போய்விடுங்கள். ராத்திரி ஊஞ்சல் சேவை பார்த்துவிட்டு மறுநாள் வந்தால் போதும். மதியைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போ. அங்காளம்மனுக்கு ரேணு பேரில் மாவிளக்கு போடு. நீங்கள் திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். அப்புறம் என்னைத் திட்டு.

முத்துவேல்

*

ஆரணி
20.7.2025

முத்து,

உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. நாளைக் காலை இதைப் பெட்டியில் போட்டுவிட்டு நேராக ஸ்டேஷனுக்குப் போகிறேன். உன் கடிதங்களை எல்லாம் மஞ்சள் பையில் எடுத்து வைத்துவிட்டேன். டீக்கடை விலாசத்தையும் கொடுக்கப்போகிறேன். ஓடுவதானால் ஓடு. இதைச் சொல்லாமல் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

நிறுத்த முடியாது என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் இடத்தையாவது போலீசில் சொல். ஆடி அமாவாசைக்கு எந்த ஆபீஸ் காலியாக இருக்கும், எந்த டவர் பக்கம் யார் மாடு மேய்ப்பார்கள் என்று எனக்கு ராப்பகலாக இதே நினைப்பு. தெருவில் எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் சுற்றிக்கொண்டு விலகிப் போகிறேன்.

மலையனூர் இந்த வருஷம் போகவில்லை. மாமாவால் பஸ் ஏற முடியாது. தவிர, நம் வீட்டிலேயே வேலை இருக்கிறது. ரேகை தேய்ந்தவர்களுக்குக் கண்ணைப் பார்த்துப் பதிவு செய்கிற மிஷின் வந்திருக்கிறதாம். தமிழ்செல்வன் எங்கெங்கோ அலைந்து ஒரு நாளைக்கு வாங்கி வருகிறான். ரேணுகாவுக்கு நடந்த பிறகு அவனுக்கும் தூக்கமில்லை, நீதான் அவன் முகத்தையே பார்க்கவில்லை. நெசவாளிகளுக்குக் கூலி போகாமல் இருக்க ஆடி அமாவாசையன்றே வைத்திருக்கிறான். காலை ஒன்பது மணியிலிருந்து நம் முன்ரூமில். தெருவில் நாற்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மதிதான் வாசலில் உட்கார்ந்து பெயர் எழுதப்போகிறாள். அம்மாவுக்கு இது இருந்திருந்தால் என்று ஒரு தரம் சொன்னாள், அதோடு சரி.

அந்த நாற்பது பேரைப் போல வேறு எங்கோ நாற்பது பேர் வருவார்கள். அதை நினைத்தாவது வாயைத் திற.

சுபலட்சுமி

*

மத்தியச் சிறை, வேலூர்
10.8.2025

அக்கா,

இங்கே படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். பரவாயில்லை.

உன் கடிதம் வியாழக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு வந்தது. அன்று கொட்டகையில் இருப்புக் கொள்ளாமல் கடைக்கு வந்து உட்கார்ந்திருந்தேன். ஜெயவேல் கடிதத்தை என் பக்கம் நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்துப் பெஞ்சில் லுங்கி கட்டிய இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் எதையும் யோசிக்கவில்லை. மலையனூர் போகவில்லை என்ற வரி வரைக்கும் நிதானமாகத்தான் படித்தேன்.

நாற்பது கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸில் போனாலும் முடியாது. நீ நாலு நாள் முன்னால் எழுதியதை நான் அப்போதுதான் படிக்கிறேன். ஜெயவேல் பையிலிருந்து போனைப் பிடுங்கினேன். அந்த இரண்டு பேரும் என் மேல் விழுந்தார்கள். மண்ணில் முகம் அழுந்த, "சார், ஒரே ஒரு போன் சார், எம்பொண்ணு உள்ள கீறா" என்று கத்தினேன். அவர்களில் ஒருவர்தான் நம்பர் போட்டுக் காதில் வைத்தார். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது உன் நம்பர் ஒன்றுதான். தெரியாத நம்பர் என்று நீ இரண்டு தடவை கட் செய்தாய். மூன்றாவது தடவை மதி எடுத்தாள்.

"அல்லோ, யாருங்க?" என்றாள். ஏழு மாதம் கழித்து அந்தக் குரலைக் கேட்கிறேன். நேரம் போகிறதே என்று தெரிந்தும், இன்னொரு தடவை அல்லோ சொல்லட்டும் என்று காத்திருந்தேன் அக்கா.

அப்புறம் சொன்னேன். இன்வெர்ட்டர் என்றேன். எல்லோரையும் வெளியே போகச் சொல், மாமாவைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்றேன். தெருமுனைக்கு வந்துவிட்டோம் என்று அவள் சொன்ன பிறகும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை, அந்தப் போலீஸ்காரரும் வைக்கச் சொல்லவில்லை. "நீயாப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் அவள் மூச்சுச் சத்தம் மட்டும்தான். நடுவில் யாரோ தமிழ்செல்வன் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். பத்து மணிக்கு அது வெடித்ததை நான் போனிலேயே கேட்டேன்.

தமிழ்செல்வன் இறந்துவிட்டான் என்று வக்கீல் சொன்னார். எதற்கு உள்ளே திரும்பிப் போனான்?

இங்கே வாரத்துக்கு ஒரு நாள் போன் பேச விடுகிறார்கள். வீட்டு ஆள் யாராவது நம்பர் எழுதிக் கொடுக்க வேண்டும். மதியின் நம்பரைக் கொடு. நான் பேச வேண்டும் என்றுகூட இல்லை. அவள் அல்லோ என்று சொல்லிவிட்டு வைத்துவிடட்டும்.

முத்துவேல்

*

ஆரணி
17.8.2025

முத்து,

எதற்குத் திரும்பிப் போனான் என்று கேட்டிருக்கிறாய். கம்ப்யூட்டரைக் காப்பாற்றப் போனான் என்று பேப்பரில் போட்டார்கள். அது இல்லை. அதுவரை கண் பதிவு முடிந்திருந்த பதினாலு பேருடைய அட்டைகளும் ரேஷன் கார்டுகளும் மேசைமேல் இருந்தன. அவை போனால் அந்தப் பதினாலு பேரும் மறுபடி எத்தனை மாதம் அலைய வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். நான் அவன் கையைப் பிடித்தேன். "ரெண்டு நிமிசம்க்கா, ஜல்தியா வந்துர்றேன்" என்று உதறிவிட்டு ஓடினான். நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. அவன் மனைவி சுபத்ரா இதே தெருவில்தான் இருக்கிறாள். நான் எதிரே வருவதைப் பார்த்தால் அவள் வந்த வழியே திரும்பிவிடுகிறாள்.

போலீஸ் எல்லா டவருக்கும் எல்லா இ-சேவைக் கடைக்கும் ஆள் போட்டிருந்தது. நம் வீட்டை ஒருவரும் பார்க்கவில்லை. மாமா சொன்னதைக் கேட்டு, தம்பி மனசு இளகிவிட்டது என்று அழுதவள் நான். அந்தப் பெட்டி எட்டடி தூரத்தில் இருக்கப் பதினாறு நாள் அங்கேயே கோலம் போட்டிருக்கிறேன். அமாவாசை என்று தெரிந்த அன்றே ஸ்டேஷனுக்குள் நுழைந்திருந்தால் தமிழ்செல்வன் இன்று இருந்திருப்பான். உன் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதை நான் யார்மீதும் தள்ளப்போவதில்லை.

மதி இல்லாமல் வெறும் தமிழ்செல்வன் மட்டும் அன்று உள்ளே இருந்திருந்தால் ஜெயவேலிடம் போன் வாங்கியிருப்பாயா? இதை நான் கேட்கவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு மதிதான் கேட்டாள்.

நம்பர் தரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டே, "வாணாம் அத்த" என்றாள்.

சிறையில் கொடுக்க வேண்டிய ஃபாரத்தில் என் நம்பரை மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறேன். கூப்பிடு. எடுப்பேனா என்று எனக்கே தெரியாது.

சுபலட்சுமி